தட்டினால் திறக்காத வீடு

அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். வெளியே நின்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் தாழ்ப்பாள் விலகும், தேநீர் வரும், கிளம்பும்போது கையில் ஏதாவது பொட்டலம் கட்டித் தருவார்கள். தட்டினால் மட்டும், உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றுவிடும்.

இது தெரியாமல் நான் முதல் தடவை போன அன்று நல்ல மழை. எங்கள் ஆபீஸில் புத்தகம் கட்டுகிற பைண்டரின் வீடு அது. அவன் ஆபீஸில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுவது தெளிவாகக் கேட்டது. தட்டினேன். மெஷின் நின்றது. மறுபடி தட்டினேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. கால் மணி நேரம் நனைந்துவிட்டு, போதுமடா சாமி என்று திரும்பும்போது தும்மல் வந்தது. அதற்குத்தான் உள்ளேயிருந்து பதில் கிடைத்தது.

“யாரது, ஆளா?”

“ஆளுதாங்க. பைண்டரோட ஆபீஸ்ல நகல் எழுதுறவன்.”

“அதை முன்னாடியே வாயத் திறந்து சொல்லக் கூடாதா?”

திறந்தவள் பைண்டரின் அக்கா. தலை துவட்ட ஒரு துண்டை நீட்டினாள். அது பாதி தைத்த ஆஸ்பத்திரிப் போர்வை என்பது துவட்டி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“எங்க வீட்ல தட்டுறவங்களுக்குத் திறக்கிறதில்ல தம்பி. எங்க அப்பா காலத்துல அப்படி. அவருக்கு அப்பா காலத்துலயும் அப்படித்தான். ஏன்னு கேக்காதே, எங்களுக்கே தெரியாது.”

“திருடன் பயமாக்கா?”

“திருடன் ஏன் தட்டப் போறான்?” என்றவள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். “மழைக் காலத்துல சாயங்காலமா ஒரு தட்டு கேக்கும். மூணு தட்டு. கொஞ்சம் விட்டு ரெண்டு. போய்ப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. நாங்க போய்ப் பாத்ததும் இல்ல.”

நான் சிரித்தேன். பயந்தவன் சிரிப்பதற்கும் தைரியசாலி சிரிப்பதற்கும் வெளியே வித்தியாசம் தெரியாது என்பது ஒரு வசதி.

பைண்டருக்கும் எனக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் ஆபீஸ். துரைமார் ஆண்ட காலத்து உயில்கள், செத்த துரைகளின் சொத்துப் பட்டியல்கள், எஸ்டேட் பதிவேடுகள் எல்லாம் அங்கே அடுக்கில் கிடக்கும். கேட்டு வருகிறவர்களுக்கு அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படித்து நகல் எழுதிக் கொடுப்பது என் வேலை. நைந்துபோன தாளை ஒட்டி, தைத்து, முதுகு போட்டு நிமிர்த்துவது அவன் வேலை. அவன் அப்பாவும் அதே மேஜையில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பூச்சி வராமல் பார்த்துக்கொள்ள மகனுக்குப் பழக்கிவிட்டதோடு, ஒரு விஷயத்தையும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாம ஒட்டுறவங்க, படிக்கிறவங்க இல்லை. படித்தால் கை நின்றுவிடும், வேலை ஓடாது. பைண்டர் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். கையில் இருக்கும் தாளில் கொலை நடந்திருந்தாலும் அவனுக்கு ஓரம் கிழிந்திருப்பது மட்டும்தான் தெரியும்.

அந்த வீடு துரை பங்களாவின் பின்வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, சந்துப் பக்கமாக ஒரே ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலோரம்தான் அக்காவின் மெஷின். ஆஸ்பத்திரிக்கு விரிப்பும் உறையும் தைத்துக் கொடுப்பாள். கண் பார்வை மங்கி வருஷக்கணக்காகிறது. அந்த ஜன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று தெரிந்திருந்ததால் ஊசியில் நூல் ஏறியது. பிறந்தது அங்கே. கல்யாணமாகி வாழ்ந்ததும் அங்கே. புருஷன் செத்ததும் அங்கேதான். ஒரு ராத்திரிகூட வேறு கூரைக்குக் கீழே படுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வாள்.

“துரை எழுதிக் குடுத்த வீடுப்பா இது. எங்க கொள்ளுப்பாட்டிக்கு அம்மா துரைகிட்ட சமையல் பண்ணா. கைப்பக்குவத்துக்கு வீடே எழுதி வெச்சான்னா பாத்துக்கோயேன்.”

“உங்க தம்பி கைப்பக்குவத்துக்கு ஒரு கோழிக்கூடுகூடக் கிடைக்காதுக்கா” என்பேன் நான். பைண்டர் அவித்த உருளைக்கிழங்கு உள்ளே பச்சையாக இருக்கும், வெளியே கரைந்திருக்கும். அப்படி அவிப்பதற்கே தனித் திறமை வேண்டும்.

அந்த வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வந்தது. பங்களாவும் சுற்றியுள்ள நிலமும் ஒரு டிரஸ்டின் கையில் இருந்தன. அங்கே கிடங்கு கட்டப் போகிறார்களாம். பின்வீட்டில் இருப்பவர்கள் எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று ஐந்து வாரத்தில் விசாரணை அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். அக்கா நோட்டீஸை மெஷின் மேஜையில் வைத்து, அது பறக்காமலிருக்கக் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தாள். அன்று முழுக்க ஒரு தையல் நேராக விழவில்லை.

“எழுதி வெச்சது எங்கயாவது இருக்குமில்ல தம்பி? நீங்க ரெண்டு பேரும் அந்தக் காகிதக் குப்பையிலதானே கிடக்கிறீங்க?”

இருந்தது. பதினோரு நாள் தேடிப் பன்னிரண்டாம் நாள் துரையின் உயில் என் மேஜைக்கு வந்தது. பைண்டர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

துப்பாக்கி இன்னாருக்கு, கடிகாரம் இன்னாருக்கு என்று போயிற்று உயில். குதிரைக்குப் பேர் இருந்தது. இரண்டு நாய்களுக்கும் பேர் இருந்தது. மனிதர்கள் வந்தபோது ‘என் சமையற்காரி’ என்றும் ‘தண்ணீர் சுமக்கும் பெண்’ என்றும்தான் இருந்தது. நான் படித்துக்கொண்டே போனேன். ஒரு பத்திக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

“என்ன நிறுத்திட்டே?”

“இரு. இன்னொரு தடவை பாத்துக்கிறேன்.”

தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம் தனக்குப் பிறந்த பெண்குழந்தையைச் சமையற்காரி தன் குழந்தையென்று சொல்லி வளர்க்க வேண்டும். அப்படி வளர்க்கும் வரையில் பின்வீடு அவளுக்கும், பிறகு அந்தக் குழந்தைக்கும் அதன் சந்ததிக்கும் சொந்தம். ஆனால் பெற்றவளை அவள் சாகும் வரையில் அந்த வீட்டுக்குள் விடக் கூடாது. ஒரு தடவை விட்டாலும் கொடுத்தது செல்லாது. குழந்தை பிறந்த நாளில் அவள் எப்படியும் வருவாள். ஆகவே உயிலை நிறைவேற்றுபவர் ஆண்டுதோறும் அந்த நாளில் நேரில் போய்ப் பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் சாகக் கிடந்த ஒரு மனிதன் நிதானமாகச் சொல்லியிருக்கிறான். எனக்குக் கோபம் வந்து என்ன ஆகப்போகிறது? அவன் எலும்பே மண்ணாகியிருக்கும். ஆனாலும் வந்தது.

பைண்டருக்குப் பூனைக்கண். சின்ன வயதிலிருந்து எல்லோரும் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“அப்போ நாங்க சமையற்காரி வம்சம் இல்லையா?”

“இல்ல.”

“தட்டினது யாரு?”

நான் ‘தண்ணீர் சுமக்கும் பெண்’ என்ற வரியில் விரலை வைத்தேன்.

ஆண்டறிக்கைகள் வேறொரு பதிவேட்டில் இருந்தன. வருஷத்துக்கு ஒரு தாள். முதல் வருஷம் விவரமாக எழுதியிருந்தார் உயிலை நிறைவேற்றிய நிர்வாகி. ‘மழை. மாலையில் தண்ணீர்ப் பெண் வந்தாள். மூன்று முறை தட்டினாள். சற்றுப் பொறுத்து இரண்டு முறை. திறக்கப்படவில்லை.’ இரண்டாம் வருஷமும் அதேதான். ஐந்தாம் வருஷத்தில், ‘உள்ளே குழந்தை பேசும் சத்தம் கேட்டது. அவள் கதவில் காது வைத்திருந்தாள்.’ பத்தாம் வருஷத்துக்கு மேல் மனிதர் அலுத்துப்போயிருக்க வேண்டும். ‘வந்தாள். தட்டினாள். திறக்கப்படவில்லை.’ மூன்றே சொல். அப்படியே இருபத்தெட்டாம் வருஷம் வரை. அதற்குப் பின் மூன்று தாள் இல்லை. அதற்கடுத்த தாளில், ‘தண்ணீர்ப் பெண் காலமானாள். இனிப் பார்வையிட வேண்டியதில்லை. வீடு அவர்களுடையது.’

மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு இரண்டு. அதைப் படித்தபோது நண்பகல், ஜன்னல் முழுக்க வெயில். நான் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னோம். மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணிக்காமலே முழுவதும் கேட்டாள். மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது.

“அந்தப் பொண்ணு உள்ளதானே இருந்திருப்பா?” என்றாள். “எங்க கொள்ளுப்பாட்டி. தட்டுறது யாருன்னு கேட்டிருப்பாளே. என்னடா சொல்லியிருப்பாங்க?”

“நமக்குச் சொன்னதைத்தான்” என்றான் பைண்டர்.

அக்கா கருகிய மீனைத் தட்டில் எடுத்து வைத்தாள். “நானும் சின்னதுல கேட்டிருக்கேன். அது ஆள் இல்லம்மான்னு அப்பா சொன்னார். ஆள் இல்லன்னு சொல்லிட்டாங்களே, பெத்தவளப் போய்.” பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டைக் காப்பாற்ற ஆதாரம் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் போயிருந்தோம். அதைச் சொல்லவே மறந்துவிட்டோம்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. காணாமல் போன அந்த மூன்று தாள்தான் இடித்தது. டிரஸ்ட் வக்கீல் சும்மா விட மாட்டார். பைண்டர் பதிவேட்டை வெளிச்சத்தில் பிடித்து, தாள்கள் வெட்டப்பட்ட அடிக்கட்டையை விரலால் தடவினான்.

“கிழிஞ்சது இல்ல. ஸ்கேல் வெச்சு வெட்டினது.” இன்னொரு தடவை தடவினான். “இடது கை வெட்டு.”

“அதனால?”

“எங்க அப்பாவுக்கு இடது கை.”

அவன் அப்பா எந்தத் தாளையும் தூக்கிப் போடுகிற ஆளில்லை. கைக்குட்டை அளவு தாள் கிடைத்தாலும் நீளநீளமாக வெட்டிப் புத்தகத்தின் முதுகுக்குள் உள்ளொட்டாக வைப்பார். அந்தப் பதிவேட்டுக்கு முதுகு போட்டதும் அவர்தான். இப்போது அது தளர்ந்து, பழுது பார்க்க என்று சீட்டும் எழுதப்பட்டிருந்தது. ஆகவே பிரிப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஈரப் பஞ்சை வைத்து, பசை இளகக் காத்திருந்து, எலும்புத் தகட்டை நுழைத்துத் தோல் உரிக்கிற பக்குவத்தில் தூக்கினான் பைண்டர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு பட்டைகள் வந்தன. காகிதத்தின் மேல் வரிசையாகப் பொருத்தி வைத்தான். மூன்று தாளும் முழுசாக இருந்தன, ஒரு எழுத்து குறையாமல்.

“அப்பா படிச்சிருக்கார்” என்றான். அந்த ஒரு விஷயம்தான் அவனை உலுக்கியது. “படிக்காதேன்னு என்கிட்ட சொல்லிட்டு அவர் படிச்சிருக்கார்.”

இருபத்தொன்பதாம் வருஷம், வந்தாள், தட்டினாள், திறக்கப்படவில்லை. முப்பதாம் வருஷமும் அப்படியே. முப்பத்தொன்றில் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. எழுதியவருக்கும் வயதாகியிருக்கும்.

‘மழை. நான் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே முதிய பெண்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் பரிமாறினாள். ஒருவரும் பேசவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை.’

நகல் எழுதும் வேலையில் நான் எத்தனையோ படித்திருக்கிறேன். எதற்கும் அழுததில்லை, அன்று அழுதேன். பைண்டர் பஞ்சைப் பிழிகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் பேசியவன் அவன்தான். “இது வெளிய வந்தா வீடு போச்சு.”

“போச்சு.”

“அக்காகிட்ட?”

“சொல்லாம எப்படி இருக்கிறது? அவங்களுக்கு வீட்டைவிட இது பெருசா இருக்கலாம்.”

சொன்னோம். அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“திறந்தாளா? நெசமாவா திறந்தா?”

“திறந்திருக்காக்கா.”

“ரொட்டியா குடுத்தா?”

“ரொட்டிதான்.”

“மகளே பரிமாறினாளா?” மூன்று தடவை இதையே கேட்டாள், மூன்று தடவையும் நான் வரிக்கு வரி சொன்னேன். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு மெள்ள அது அடங்கியது. ஜன்னலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், புருஷன் கட்டில் கிடந்த மூலையைப் பார்த்தாள்.

“இதைக் காட்டினா நம்மள வெளிய அனுப்பிருவாங்க, இல்ல?”

“ஆமாக்கா.”

“காட்டலேன்னா பெத்தவ உள்ள வந்ததே இல்லன்னு ஆயிடும்.”

அக்கா ஊசியிலிருந்து நூலை உருவினாள். மறுபடி கோக்கப் பார்த்தாள், நூல் ஏறவில்லை. தம்பிதான் வாங்கிக் கோத்துக் கொடுத்தான்.

“இந்த வயசுல நான் எங்கடா போவேன்?” என்றாள் அவனிடம். அது கேள்வி இல்லை.

மறுநாள் பைண்டர் பட்டைகளைப் புதுப் பசை தடவி, இருந்த வரிசையிலேயே முதுகுக்குள் வைத்து ஒட்டினான். எரித்துவிடலாமே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றியிருக்காது. தாளை அழிக்கிற கை அந்தக் குடும்பத்தில் கிடையாது. நான் இருபத்தெட்டு அறிக்கைகளுக்கும் கடைசித் தாளுக்கும் நகல் எழுதி, ‘இடையில் மூன்று தாள்கள் பதிவேட்டில் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டேன். முதுகுக்குள் இருப்பது பதிவேட்டில் இருப்பதாகுமா என்று யாராவது கேட்டிருந்தால் திண்டாடியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஒன்று கழுத்து ஒடிந்து சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி நிதானமான மனிதர், நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதிர்பார்த்தபடியே டிரஸ்ட் வக்கீல் எழுந்தார்.

“கடைசி மூணு வருஷத்துக்கு ஆதாரம் இல்லை சார். அதுல ஒரு தடவை அவளை உள்ள விட்டிருந்தாலும் உயில்படி வீடு இவங்களுக்கு இல்லை.”

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “குடும்பத்துல மூத்தவங்க நீங்கதானே? உங்க வீட்டு வழக்கம் என்னம்மா? தட்டினா திறக்கிறதுண்டா?”

“இல்லைங்க.”

“எப்பவுமே?”

“எங்க அப்பா திறந்ததில்லைங்க. எங்க அப்பாவைப் பெத்தவங்களும் திறந்ததில்ல. தபால்காரர்கூடக் கூப்பிட்டுத்தான் குடுப்பார். தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க.”

“அந்தம்மா உள்ளே வந்ததா வீட்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

“வீட்ல யாரும் சொன்னதில்லைங்க.”

“தட்டி, கதவு திறந்து, நீங்க பாத்ததுண்டா?”

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பைண்டர் தரையைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நான் எதையும் பாக்கலைங்க.”

அந்த நிர்வாகி எழுதி, நான் வரிக்கு வரி சொல்லிக் காட்டிய அதே வாக்கியம். அதிகாரி எழுதிக்கொண்டார். இத்தனை தலைமுறையாக விடாமல் இருக்கிற வழக்கமே நிபந்தனை காக்கப்பட்டதற்கு அடையாளம் என்று முடிவு சொன்னார். வீடு இவர்களுடையது. வக்கீல் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். பைண்டர் என் தோளைப் பிடித்து அமுக்கினான். அக்கா தனியாக முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அங்கேயே சாப்பிடலாம் என்று பைண்டர் சொல்லியிருந்தான். அவன் ஆபீஸில் பதிவேட்டை அடுக்கில் வைத்துவிட்டு வர வேண்டும். நான் ரொட்டியும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கையில் பொட்டலம், மறு கையில் குடை, கடை ரசீது நனையாமலிருக்க அதை வாயில் கவ்வியிருந்தேன். கூப்பிட வாய் இல்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் யோசிக்காமல் முழங்கையால் கதவை ஒரு தட்டு தட்டினேன். தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

மெஷின் நின்றது.

தாழ்ப்பாள் உடனே விலகியது. கதவு முழுசாகத் திறந்தது.

“உள்ள வாம்மா” என்றாள் அக்கா. “நனையாதே, வா.”

பிறகுதான் நிற்பது நான் என்று பார்த்தாள். வெட்கப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. என் வாயிலிருந்த ரசீதை எடுத்தாள், பொட்டலத்தை வாங்கினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா கதவைச் சாத்தவில்லை. எனக்குப் பின்னால் இன்னொருவர் நுழைய இடம் விட்டு ஒதுங்கி, மழையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை.